எல்லைக்கு இருபுறமும் ஒரு பழுதுபார்ப்புத் தொழில்: எந்தச் சட்ட அமைப்பு பொருந்தும்?

தமிழ்நாட்டின் செங்கோட்டையில் ஏசி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் தொழிலைத் தொடங்கவிருப்பதாகவும், எல்லைக்கு அப்பால் கேரளத்தின் புனலூரில் குடியிருக்கும் உங்கள் மைத்துனர் பாதிப் பணம் போட்டு ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கத்து வேலைகளைக் கவனித்துக்கொள்வார் என்றும், இருவரிடமும் சேர்ந்து 6 லட்சம் ரூபாய் இருக்கிறது என்றும், முதல் ஆண்டில் சுமார் 18 லட்சம் வரவை எதிர்பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ‘பிரைவேட் லிமிடெட் போட்டால்தான் மதிப்பு’ என்று நண்பர் ஒருவரும், ‘இப்போதைக்கு எதையும் பதிய வேண்டாம், ஓடட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று உறவினர் ஒருவரும் சொல்வதில் எதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. தென்காசியில் சிறு தொழில்களுக்கு வரிக் கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த உறவினரின் யோசனையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இரண்டில் அதுதான் ஆபத்தானது. எதையும் பதியாமல் தொடங்கினால் எந்த அமைப்பும் இல்லாமல் இருக்கிறோம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவல்ல. இருவர் பணம் போட்டு, இருவரும் வேலை பார்த்து, லாபத்தைப் பங்கிட்டுக்கொண்டால், ஒரு காகிதம்கூட எழுதாவிட்டாலும், 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் அவர்களைப் பங்காளிகளாகவே பார்க்கும். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்தின் பொது விதிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும்: லாபமும் நட்டமும் சரிபாதி, யாருக்கும் சம்பளம் கிடையாது, ஒருவர் தொழிலுக்காகப் பட்ட கடனுக்கு மற்றவரும் முழுப் பொறுப்பு. நீங்கள் காலை 7 மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போக, மைத்துனர் மாதத்தில் பத்து நாள் மட்டும் வந்தாலும், பங்கு சரிபாதிதான். கூட்டு நிறுவனத்தின் பெயரில் அவர் புனலூர்க் கடையில் 2 லட்சத்துக்கு உதிரிபாகம் கடனாக வாங்கியிருந்தால், கடைக்காரர் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம்.

பதியாத கூட்டாண்மைக்கு இன்னொரு முடமும் உண்டு. அந்தச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, பதிவு செய்யாத நிறுவனம் தன் வாடிக்கையாளர்மீது ஒப்பந்தப்படி பணம் கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது. கணக்கு முடித்துக் கலைக்கச் சொல்வது போன்ற சில விஷயங்களைத் தவிர, பங்காளிகள் தங்களுக்குள்ளும் வழக்காட முடியாது. ஆனால் அந்த நிறுவனத்தின்மீது மற்றவர்கள் வழக்குப் போடத் தடையில்லை. எனக்குத் தெரிந்த இருவர் சமையல் ஒப்பந்தத் தொழில் செய்தார்கள். மலைக்கு அப்பால் ஒரு தங்கும் விடுதி அவர்களுக்குப் பெருந்தொகை பாக்கி வைத்தது. ‘அடுத்த மாதம், அடுத்த மாதம்’ என்று இழுத்தடித்ததில் காலம் போயிற்று. கடைசியில் வழக்கறிஞரிடம் போனபோது, பதிவுச் சான்று இல்லாமல் வழக்கை எடுக்கவே முடியாது என்றார். வழக்குக்கு முன்பாகப் பதிந்துகொண்டால் போதும் என்பதால் அவர்கள் பதிவுக்கு விண்ணப்பித்தார்கள்; சான்று கைக்கு வந்தபோது வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டுக் காலவரம்பு கடந்திருந்தது.

அடுத்து நண்பரின் யோசனை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி நல்ல அமைப்புதான். கம்பெனி வேறு, நீங்கள் வேறு என்று சட்டம் பிரித்துவைக்கிறது. பங்கை மாற்றலாம், வெளியாரிடம் முதலீடு வாங்கலாம், ஒருவர் இறந்தாலும் கம்பெனி இருக்கும். ஆனால் அதற்கு ஆண்டுதோறும் தீனி போட வேண்டும். வரவு ஒரு ரூபாயாக இருந்தாலும் பட்டயக் கணக்காளரின் தணிக்கை கட்டாயம். முதல் தணிக்கையாளரை 30 நாளுக்குள் நியமிக்க வேண்டும். தொழில் தொடங்கியதற்கான அறிவிப்பை 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 30 நாளில் நிதிநிலை அறிக்கையையும், 60 நாளில் ஆண்டறிக்கையையும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உச்சவரம்பின்றி ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். தொழில் படுத்துவிட்டால் தானாக அணைந்துபோகும் விளக்கல்ல கம்பெனி. அதை முறைப்படி மூடவும் செலவு உண்டு. 18 லட்சம் வரவு வைத்துக்கொண்டு இந்தச் சுமையை ஏற்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

கம்பெனி என்றால் சொந்தச் சொத்துக்கு ஆபத்தே வராது என்ற நம்பிக்கையையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். புதுக் கம்பெனிக்கு வங்கி கடன் கொடுக்கும்போது இயக்குநர்களின் சொந்த உத்தரவாதத்தையும் பெரும்பாலும் சேர்த்தே கேட்கும். கையெழுத்துப் போட்ட பிறகு வரையறுத்த பொறுப்பு என்பது அந்தக் கடனைப் பொறுத்தவரை பெயரளவில்தான். அதேபோல, நீங்களே உங்கள் கையால் கேஸ் நிரப்பும்போது கவனக்குறைவால் ஒருவருக்குத் தீக்காயம் ஏற்பட்டால், பலகையில் என்ன பெயர் இருந்தாலும் உங்கள் தவறுக்கு நீங்கள் பொறுப்பாவீர்கள். வேலைக்காரர் விபத்துக்கும், வாடிக்கையாளர் வீட்டில் ஏற்படும் சேதத்துக்கும் காப்பீடு எடுப்பது, உங்கள் அளவிலான தொழிலுக்குக் கம்பெனிப் பதிவைவிட அதிகப் பாதுகாப்பைக் கொடுக்கும் என்பது என் கருத்து. ஒருநபர் கம்பெனி என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பங்குதாரர் ஒருவர் மட்டுமே இருக்க முடியும் என்பதால் உங்கள் இருவர் ஏற்பாட்டுக்கு அது பொருந்தாது.

இனி உங்கள் ஊருக்கே உரிய பிரச்சினைக்கு வருகிறேன். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த 1956 நவம்பர் 1-க்கு முன்பு செங்கோட்டையும் புனலூரும் ஒரே திருவிதாங்கூர்ப் பகுதிகள். கொல்லம் ஆண்டுக் கணக்கில் தேதியிட்ட பத்திரங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும் வருவதும் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. ஜிஎஸ்டி பொருட்படுத்துகிறது. எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டி நீங்கள் செய்யும் வேலை மாநிலங்களுக்கிடையிலான வழங்கல்.

சேவை மட்டும் செய்பவருக்கு ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை; அடுத்த மாநிலத்தில் சேவை செய்தாலும் இந்தச் சலுகை உண்டு. ஆனால் பொருளுக்கு அப்படியில்லை. வரிக்குரிய பொருளை மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். ஆரியங்காவில் ஒரு வீட்டு ஏசியைப் பழுது பார்த்து, அதற்குத் தேவையான கெப்பாசிட்டரையும் மாற்றிக் கொடுத்தால் அது சேவையைச் சார்ந்த வேலை. அதே வீட்டுக்குச் செங்கோட்டையிலிருந்து புது ஏசி ஒன்றை ஏற்றிப் போய் விற்று மாட்டிக் கொடுத்தால் அது பொருள் விற்பனை. அந்த ஒரு ஏசியோடு 20 லட்சம் என்ற வரம்பு உங்களுக்கு உதவாமல் போய்விடும். பழுதுபார்ப்பவரிடம் ‘புதுசு ஒன்று நீங்களே வாங்கிப் போட்டுவிடுங்கள்’ என்று கேட்காத வாடிக்கையாளர் அபூர்வம் என்பதால் இதை முன்கூட்டியே சொல்கிறேன். அப்படிக் கேட்டால், வாடிக்கையாளரையே கேரளக் கடையில் வாங்கச் சொல்லி, மாட்டும் கூலியை மட்டும் நீங்கள் பெறுவது பதிவு இல்லாத காலத்துக்குப் பாதுகாப்பான வழி.

சிறு சேவையாளர்கள் வரவில் 6 சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் தொகுப்புத் திட்டம் (காம்போசிஷன்) எளிமையானது, 50 லட்சம் வரவு வரை கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அதில் மாநிலம் தாண்டி வழங்கக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். தென்காசியில் மட்டும் வேலை செய்பவருக்கு அது நல்ல திட்டம். ஆரியங்காவுக்குப் போய் வருபவருக்கு ஆகாது.

மைத்துனர் புனலூரில் தனிக் கடை எடுத்து, ஆள் வைத்து, அங்கும் உதிரிபாகம் இருப்பு வைத்தால், ஒரே நிறுவனமாக இருக்கும்பட்சத்தில் அது கேரளக் கிளை. மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டியதும் இரு மாநிலங்களிலும் தனித்தனிப் பதிவு வேண்டும், இரு கடைகளின் வரவும் ஒரே பான் எண்ணின்கீழ் கூட்டப்படும், இங்கிருந்து அங்கே சரக்கு அனுப்பினால் சொந்தக் கடைக்கே வரி போட்டு பில் எழுத வேண்டும். உங்கள் பெயரில் தனி உரிமையாளராக நடத்தினால் இன்னொரு சங்கடமும் உண்டு: அந்தத் தொழிலின் பான் உங்கள் சொந்தப் பான்தான் என்பதால், நீங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் கட்டடத்தின் வாடகையும் அந்த 20 லட்சக் கணக்கில் சேரும்.

ஆகவே பெயர்ப்பலகைக்கு முன்பாக நீங்களும் மைத்துனரும் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இது ஒரு தொழிலா, இரண்டு தொழிலா? அவர் தம் வாடிக்கையாளரைத் தாமே பிடித்து, தம் செலவில் வேலை முடித்து, தம் லாபத்தைத் தாமே வைத்துக்கொள்வார், அவருக்கு ஆள் பற்றாக்குறை வந்தால் உங்களைக் கூப்பிடுவார், உங்களுக்கு வந்தால் அவரைக் கூப்பிடுவீர்கள் என்றால், அவை இரண்டு தொழில்கள். அப்போது நீங்கள் இங்கே ஒரு தனி உரிமை நிறுவனம், அவர் அங்கே ஒரு தனி உரிமை நிறுவனம் என்று வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் செய்த வேலைக்கு பில் கொடுத்துக்கொள்வதே மிக எளிமையானது. ஒவ்வொருவருக்கும் அவரவர் 20 லட்ச வரம்பு உண்டு. ஒருவர் கடன் மற்றவரைத் தொடாது. பிரிந்தாலும் உறவு கெடாது. ஆனால் பணத்தை ஒரே பெட்டியில் போட்டு மாதக் கடைசியில் பங்கிட்டுக்கொண்டே, வரம்புக்காக மட்டும் இரண்டாகக் காட்டினால், அது கூட்டாண்மையை மறைத்த கணக்காகிவிடும். அதிகாரி கேட்டால் வங்கிக் கணக்குப் புத்தகமே பதில் சொல்லிவிடும்.

தனி உரிமைக்கு என்று தனிச் சட்டப் பதிவு எதுவும் இல்லை. சிறு தொழில்களுக்காக ஆதாரை வைத்துக் கட்டணமின்றிப் பெறும் உத்யம் என்ற அரசுப் பதிவும், உள்ளாட்சி உரிமமும் இருந்தால் நடப்புக் கணக்கு திறக்கப் பெரும்பாலும் போதும். கடைகள் நிறுவனங்கள் சட்டம் இங்கே 1947-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே 1960-ஆம் ஆண்டுச் சட்டம். ஆள் வைத்தால் அவரவர் மாநில விதியைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், இருவரும் பணத்தைச் சேர்த்துப் போட்டு லாபத்தைச் சேர்த்துப் பங்கிடவே நினைக்கிறீர்கள். அப்படியானால் அது ஒரே தொழில்; அதற்கு இன்றைய நிலையில் பதிவு செய்த கூட்டாண்மையைத்தான் நான் சொல்வேன். வரியில் அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. செலவு போக 8 லட்சம் லாபம் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு தனிநபரின் தொழில் வருமானமாக இருந்தால், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால், வரியே இல்லை. கூட்டாண்மைக்கு அடிப்படை விலக்கு கிடையாது. முதல் ரூபாயிலிருந்து 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் உண்டு. ஆனால் உழைக்கும் பங்காளிகளுக்குக் கொடுக்கும் ஊதியத்தை ஒரு வரம்புவரை கழித்துக்கொள்ளலாம்: முதல் 6 லட்சம் லாபத்தில் 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இதில் எது அதிகமோ அது; மீதியில் 60 சதவீதம். உங்கள் 8 லட்சத்தில் 6 லட்சத்து 60 ஆயிரம் இப்படிக் கழியும். மீதி 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வரி 43,680 ரூபாய். முதலீட்டுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரை வட்டி கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இது இன்னும் குறையும். ஒப்பந்தத்தில் எழுதாத ஊதியத்தையும் வட்டியையும் கழிக்க முடியாது என்பதால், முதல் நாளிலேயே எழுதிவைப்பது அவசியம்.

2025 ஏப்ரல் 1 முதல் இதில் ஒரு புதுத் தொல்லை சேர்ந்திருக்கிறது. பங்காளி ஒருவருக்குக் கொடுக்கும் ஊதியமும் வட்டியும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், நிறுவனம் 10 சதவீத வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும். ஆளுக்கு 3 லட்சத்து 30 ஆயிரம் என்றால் 33,000 ரூபாய் பிடித்தம். வேறு வருமானம் அதிகம் இல்லாவிட்டால் அது கணக்குத் தாக்கல் செய்த பிறகு திரும்பி வரும். அதுவரை அந்தப் பணம் தொழிலில் இருக்காது. வரவில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தை லாபமாகக் காட்டும் உத்தேச வரி முறை கூட்டாண்மைக்கும் உண்டு. ரொக்கமல்லாத வரவில் 6, மற்றதில் 8 சதவீதம். அந்த முறையில் பங்காளி ஊதியத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. உண்மையில் கூடுதலாகச் சம்பாதித்துவிட்டு 6 சதவீதம் மட்டும் காட்டிப் பழகியவர்கள், வேன் வாங்க வங்கிக் கடன் கேட்கும் நாளில் ‘உங்கள் வருமானம் இவ்வளவுதானே’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இடைப்பட்ட வழியாக இருப்பது 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படியான வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை. எல்எல்பி என்றால் எல்லோருக்கும் தெரியும். வரி விகிதம் சாதாரணக் கூட்டாண்மைக்கு உள்ளதுதான், உத்தேச வரி முறை மட்டும் கிடையாது. ஒரு பங்காளியின் தவறுக்கு மற்றவரின் வீடு பொறுப்பாவதில்லை என்பதே இதன் பெரிய பயன். வரவு 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டாதவரை அந்தச் சட்டப்படியான தணிக்கையும் வேண்டாம். ஆயினும் மே 30-க்குள் ஆண்டறிக்கை, அக்டோபர் 30-க்குள் கணக்கு அறிக்கை என்ற இரண்டையும், ஒரு வேலைகூட நடக்காத ஆண்டிலும், தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஹோட்டல்கள், முந்திரித் தொழிற்சாலைகள் போன்ற இடங்களோடு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் கிடைக்கும்போதும், குடும்பத்துக்கு வெளியே ஒருவர் பங்காளியாக வரும்போதும் இதற்கு மாறுவது பொருத்தம். மாறும்போது புதுப் பான், புது வங்கிக் கணக்கு, புது ஜிஎஸ்டி எண் எல்லாம் வரும் என்பதால், அந்த ஒப்பந்தங்கள் முதல் ஆண்டிலேயே உறுதி என்றால் இப்போதே எல்எல்பியாகத் தொடங்குவதில் தவறில்லை. அத்தகைய வாடிக்கையாளர்கள் ஜிஎஸ்டி பில் கேட்பார்கள். வீட்டுக்காரருக்கோ அந்த 18 சதவீத ஜிஎஸ்டி வெறும் கூடுதல் செலவு. யாருக்கு அதிகம் வேலை செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே வரம்பைத் தாண்டும் முன்பே நீங்களாக முன்வந்து ஜிஎஸ்டி பதிவு செய்வதா என்பதை முடிவு செய்யுங்கள்.

கூட்டாண்மை ஒப்பந்தத்தைப் பத்திர எழுத்தரிடம் இருக்கும் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி வாங்கிவிடாதீர்கள். மைத்துனர் மலையாள வழியில் படித்தவரானால் தமிழ்ப் பத்திரத்தை அவரும், ஆங்கிலப் பத்திரத்தை இருவருமே முழுதாகப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடும் நிலை வரும். யாரையாவது வைத்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் கடன் வாங்க இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பது, தகராறு வந்தால் தென்காசி நீதிமன்றமா புனலூர் நீதிமன்றமா என்பது, விலகுகிறவருக்கு எப்படி மதிப்புப் போட்டு எத்தனை தவணையில் கொடுப்பது என்பது, இவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும். விலகியவர் நியாயமான காலத்துக்கு நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனை, வேலைக்காரர் விஷயத்தில் செல்லாது. பங்காளிகள் விஷயத்தில் கூட்டாண்மைச் சட்டமே அதை அனுமதிக்கிறது. இருவர் மட்டுமே உள்ள கூட்டாண்மையில் ஒருவர் இறந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஒற்றை ஆளாகக் கூட்டாண்மை நடத்த முடியாது என்பதால் நிறுவனம் கலைந்துவிடும். உங்கள் சகோதரியையோ மனைவியையோ சிறு பங்கோடு மூன்றாவது பங்காளியாகச் சேர்ப்பது இதற்காகத்தான்; ஆனால் கடனுக்கு அவரும் முழுப் பொறுப்பாவார் என்பதைச் சொல்லிச் சம்மதம் பெறுங்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் நிறுவனத்தின் பெயரில் பான், கூட்டாண்மைப் பதிவு, நடப்புக் கணக்கு, உத்யம் என்ற வரிசையில் போங்கள். பெயரைப் பாதுகாக்க எண்ணினால் வணிகக் குறிப் பதிவு தனி. உத்யம் சான்று இருந்தால் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய்க்குப் பதில் 4,500 ரூபாய்தான். எல்லோரும் மறந்துவிடும் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பழுதுபார்ப்புத் தொழிலில் உண்மையான சொத்து ஸ்பானரும் வேக்குவம் பம்பும் அல்ல, ‘ஏசி ஓடவில்லை’ என்று வாடிக்கையாளர் கூப்பிடும் அந்தக் கைபேசி எண். அந்த சிம்மை உங்கள் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ எடுக்காமல் நிறுவனத்தின் பெயரில் எடுங்கள். பிரியும் நாளில் அந்த எண் யாருக்குப் போகும் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.